ஊமைக் கட்டை

“அண்ணாச்சி, மூடியைத் தொடாதீங்க! அந்தக் கட்டை ஊமையாவே இருந்துட்டுப் போகட்டும்.”

ஜேசுபாதம் ஆர்மோனியத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். கோயில் பாடகர் குழுத் தலைவர் சுந்தரராஜ் திருப்புளியும் கையுமாக விழித்தார்.

“என்னவே இது! இந்தச் சண்டைக் காலத்துல ரீடு எங்கன கிடைக்கு? கொழும்புத் தோணிக்காரன் கால்ல விழாத குறையா வாங்கியாந்திருக்கேன். வேண்டாங்கீரு!”

“என்னை விட்டுப் பிரிஞ்சிருக்கச் சொன்னாக்கூட இவ்வளவு கெஞ்ச மாட்டாவ, அண்ணாச்சி,” என்று சிரித்தாள் அவர் மனைவி இன்பமணி. சிவப்புச் சாயம் ஏற்றிய பனையோலையில் பெட்டி முடைந்துகொண்டிருந்தாள்.

ஜேசுபாதத்தின் பயம் அவருக்குத்தான் தெரியும். துருத்திக் காற்று ரீடு என்னும் பித்தளை நாக்கைத் துடிக்கச் செய்தால்தான் ஆர்மோனியம் பேசும். உலகச் சண்டை தொடங்கிய வருஷம் நடு மத்தியமத்தின் நாக்கு திடீரென்று அடங்கிவிட்டது. உப்புக்காற்றில் களிம்பேறியிருக்கும் என்று நினைத்தார். அப்பா விட்டுப்போன பெட்டி. திறந்தால் மற்ற நாக்குகளும் கெட்டுவிடுமோ என்று அப்படியே விட்டுவிட்டார்.

அதற்கு முன்பு, “நாலு பேரு வாசிக்கிறது மாதிரிதான் நீரும் வாசிக்கீரு” என்று அவரை ஒதுக்கிவைத்தவர் இதே சுந்தரராஜ்தான்.

கட்டை ஊமையான பிறகு, துறைமுகக் கிடங்கில் வேலை முடிந்து வந்ததும் தினமும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டார் ஜேசுபாதம். ஊமைக் கட்டை வரும் இடத்தில் காந்தாரத்திலேயே நின்று, துருத்தியைத் தளர்த்தி, ஒரு பெருமூச்சளவு இடைவெளி விட்டு, பஞ்சமத்தை மெல்ல எழுப்பினார். முதலில் நொண்டியது. போகப்போக அந்தப் பெருமூச்சு பாட்டு முழுவதும் பரவியது. தெருவில் போகிறவர்கள்கூட, “இது ஜேசுபாதம் கை” என்று நின்று கேட்டார்கள். வருகிற ஈஸ்டர் ஆராதனையில் தனியாக வாசிக்கச் சொல்லி, சுந்தரராஜே வீடு தேடி வந்துவிட்டார்.

“அந்தக் கட்டை பேசிட்டுன்னா விரலு பழைய தடத்துலயே ஓடிரும், அண்ணாச்சி. பெறவு நானும் நாலு பேருல ஒருத்தன்தான். ஆண்டவரே உப்புக்காத்தை அனுப்பி எனக்குன்னு ஒரு வழி காட்டியிருக்காரு.”

“அவரு காட்டுன வழியை நானும் கொஞ்சம் பாத்துக்கிடுதேன். தள்ளும்வே!”

மூடி கழன்றது. சுந்தரராஜ் குனிந்து பார்த்தார். நாக்கில் களிம்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. அதன் அடியில் சிக்கிக் கிடந்த எதையோ நகத்தால் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

சிவப்பு ஓலைத் துணுக்கு.

இருவர் பார்வையும் இன்பமணியின் மடிக்குப் போனது.

“அந்த ஒரு கட்டைதான் ஆட்டுக்குட்டி மாதிரி வீறிடும், தொட்டில்ல கிடக்க பிள்ள முழிச்சிக்கிடுவான். நான்தான் செருகுனேன்,” என்றாள் அவள், முடைவதை நிறுத்தாமல். “இப்பதான் அவன் பள்ளிக்கூடம் போறானே... எடுத்துக்கிடுங்க.”