படி தாண்டியவர்

"பொம்பளைங்க படுக்குற அறைக்குள்ள உனக்கு என்னய்யா வேலை?" அரிவாளோடு கத்தினார் கம்முன்.

பாங்காக்கிலிருந்து வட தாய்லாந்தின் பயாவ் பக்கம் ஊர் பார்க்க வந்து, கம்முனின் விதவை அக்கா செங்தா வீட்டில் தங்கியிருந்த நரைத்தலைப் பிரசேத் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அறைப் படியை அந்நிய ஆண் தாண்டினால் குலதெய்வம் கோபிக்கும். தாண்டியவன் அந்த வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்தே தீரவேண்டும்.

எல்லார் கண்ணும் செங்தாவின் மகள் புவாகம் மேல் மொய்த்தன.

"நான் வயல்ல இருந்தேன் மாமா! இந்தக் கிழவனைக் கட்டுறதுக்கு ஏரியில விழுந்து சாவேன்!" சியாங் ராயில் பஸ் ஓட்டும் காதலன் தோங்கை நினைத்து அவள் அழுதாள்.

"அழுதா ஆச்சா? இது சாமி குத்தம்! கல்யாணம் நடந்தே ஆகணும்," என்றார் ஊர்த்தலைவர்.

வழக்கமாகத் தெருவையே கூட்டிவிடும் செங்தா, இன்று அடுப்படியை விட்டு நகரவில்லை. மகளால் வந்த அவமானம், பாவம் என்று கூட்டம் உச்சுக்கொட்டியது.

கடைசியில் செங்தா வெளியே வந்தாள்.

"தம்பி, அரிவாளைக் கீழ போடு. கல்யாணம் நடக்கட்டும். ஆனா அவளுக்கு இல்ல."

"பின்ன யாருக்கு?"

"அவரை உள்ள கூப்பிட்டது நான்தான்டா."

அறுவடை முடிந்ததும் பிரசேத் அந்த வீட்டோடு மாப்பிள்ளையானார். புவாகம் தோங்கைக் கட்டிக்கொண்டு சியாங் ராய் போய்விட்டாள். கம்முனுக்குத்தான் இன்னும் 'அத்தான்' என்று கூப்பிட நாக்கு வரவில்லை.