இன்னும் ஓர் அடுக்கு

மாதுங்கா வீட்டிலிருந்து டப்பாவாலா கொண்டுவந்த டிபன் கேரியரைக் கல்லூரி அலுவலக மேசையில் வைத்துப் பிரிக்கிறார் ஹெட்கிளார்க் வேங்கடசுப்ரமணியன். இரண்டு அடுக்கு கூடியிருக்கிறது. இதே கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகள் விசாலாக்ஷியின் சாப்பாடும் இன்று முதல் இதற்குள்தான். புனாவில் படிக்கிறேன் என்று அவள் அழுததெல்லாம் போன மாதத்தோடு முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே, மழைத் தூறலுக்குப் புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவள் வகுப்புப் பெண்கள் கேன்டீனுக்கு ஓடுகிறார்கள். ஒருத்தி மட்டும் நின்று, வா என்று கைகாட்டுகிறாள். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் விசாலாக்ஷி, அவர் பார்க்காதபடி மேசைக்கடியில் 'நீ போ' என்று விரல்களை அசைக்கிறாள். "யாராக்கும் அது?" மோர்க்கூட்டானை அவள் சாதத்தில் விட்டபடியே அப்பா கேட்கிறார். "சும்மா, கூடப் படிக்கறவ." அவர் முகம் கனிகிறது. "பாவம், கேன்டீன்ல என்னத்தைத் தின்னும்! நாளைக்கு அதையும் இங்கே அழைச்சுண்டு வா. அம்மாகிட்ட சொல்லி இன்னொரு அடுக்கு வைக்கச் சொல்றேன்."