கூட இருக்கிறவர்கள்

லேப்டாப் திரையில் வெல்டர் தன் அறைக்குள் நுழைந்தார். அதே அறையில், தன் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த வெல்டருக்கு வியர்த்தது.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்களைப் படமெடுத்து ஆராய்கிறவள் படக்காரம்மா. மாதக்கணக்கில் மூலையில் கேமராவோடு இருந்தாள். தான் அங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ளச் சொன்னாள். மனுஷன் அப்படியே நினைத்துத் தொலைத்துவிட்டார்.

படத்தில் இருப்பவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் வெளியாருக்குக் காட்டுவாளாம். அதற்காகத்தான் இன்று வந்திருந்தாள்.

திரையில் போன் அடித்தது. எடுப்பதற்கு முன் வெல்டர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினார். பிறகு மனைவியிடம், ரூமில் எல்லாரும் ஒரே அரட்டை என்றார்.

சுற்றிலும் மூன்று கட்டில்கள் வெறும் பலகையாகக் கிடந்தன.

கூடத் தங்கியிருந்த தாடிக்காரரும் மற்ற இருவரும் வேறு வேலை கிடைத்து எப்போதோ போய்விட்டார்கள். தனியாகக் கிடப்பது தெரிந்தால் ஊரில் மனைவிக்குச் சோறு இறங்காது. இப்போதெல்லாம் தாடிக்காரரின் இருமலைக்கூடத் தினமும் விசாரிக்கிறாள். இவரும் வாய் கூசாமல் பதில் சொல்கிறார்.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தது. இதை மட்டும் வெட்டிவிடச் சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் திரையில் அவர் வீடு வந்துவிட்டது. படக்காரம்மா அங்கேயும் போய் எடுத்திருந்தாள்.

துணைக்குத் தன் தங்கையும் தங்கையின் பையன்கள் இருவரும் வந்து இருப்பதாக மனைவி சொல்லியிருந்தாள். பையன்களுக்கு வாங்கிய பொம்மை லாரிகள் இப்போதும் அவர் கட்டிலுக்கடியில் இருக்கின்றன.

திரையில் மனைவி ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். போன் அடித்ததும் டிவியில் கார்ட்டூனைச் சத்தமாக வைத்தாள். ஆளில்லாத கூடத்தைப் பார்த்து, தினமும் அவர் காதில் விழும் அதே அதட்டலைப் போட்டாள்.

"சத்தம் போடாதீங்கடா, பெரியப்பா பேசுறாரு."

வெல்டர் வெட்டச் சொல்லவில்லை. மனைவி இந்தப் படத்தைப் பார்த்தாளா என்று மட்டும் கேட்டார்.

"போன மாசமே பாத்துட்டாங்க. எதையும் வெட்ட வேணாம், அவருக்கும் காட்டுங்கன்னாங்க."

இருமலை விசாரிக்க ஆரம்பித்ததும் போன மாதம்தான்.

படக்காரம்மா போன பிறகு அவரே போன் போட்டார். ரேடியோ பக்கம் கை போகவில்லை. அங்கே கார்ட்டூன் கத்திக்கொண்டிருந்தது.

பசங்க சாப்பிட்டார்களா என்று கேட்டார்.

அவள் இந்தப் பக்கத்து அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தாள் போல. சற்றுப் பொறுத்து, அந்தப் பக்கம் கார்ட்டூன் நின்றது.