கல்லறைத் திருநாளுக்கு லீவு

முதுநகர் அரசுப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கிறது. ஜன்னல் வெயில் பெஞ்சுகளின்மேல் கம்பிக் கம்பியாக விழுகிறது. ஆரோக்கியம்மாள் முதல்முறையாக எழுந்து பேசுகிறாள். "கல்லறைத் திருநாளுக்கு லீவு வுடுங்க சார். போன வருசம் பரிட்சைன்னு எம்மவளால அவ அப்பா கல்லறைக்கு வர முடியல." "ஆளாளுக்கு லீவு கேட்டா புள்ளைங்க எப்பப் படிக்கும்?" என்று பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். ஆரோக்கியம்மாளுக்குப் பக்கத்தில் இருந்த மலர்க்கொடி அவர் பக்கம் திரும்புகிறாள். "நம்ம மாசி மகத்துக்கு லீவு வுட்டாங்களே, அதுக்குப் பதிலா சனிக்கிழமை இவுங்க புள்ளையுந்தான வந்துச்சு? இதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை எம்புள்ள வருவான்." "சம்மதம்னா கை தூக்குங்க," என்கிறார் தலைமையாசிரியர். வளையல்கள் குலுங்க, வரிசை வரிசையாகக் கைகள் உயர்கின்றன. "லீவு உண்டு. உக்காருங்கம்மா," என்கிறார். ஆரோக்கியம்மாளுக்கு உட்கார மனம் வரவில்லை. நிமிர்ந்து, எல்லா முகங்களையும் பார்த்தபடி நிற்கிறாள்.