முதல் சொம்பு

"பாய், வேணாம்! இந்த மெஷின் அடிக்கிற அடியில என் வீட்டுச் சுவரே விரிஞ்சிடும்!" மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினார் சுப்புராமன்.

பக்கத்து வீட்டு மதார் சாகிப் சிரித்தார். "இன்னா சார், இப்டி பயந்துகினு கீறீங்க? அடியில கீற பாறையத்தான் உடைக்கிறாங்க. ஊத்துக்கண்ணு தொறந்தா நம்ம படாளம் ஊருக்கே நல்லதுதானே!"

மதார் சாகிப் வீட்டு வற்றிய போர்வெல்லுக்குள் மூன்று ஆழங்களில் பயங்கர அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்தினால் பாறை பிளக்குமாம். முதல் இரண்டு ஆழத்திலும் பாறை அசையவில்லை. சுப்புராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மூன்றாவதில் அழுத்த மீட்டரின் முள் விறுவிறுவென ஏறி, சடாரென்று விழுந்தது.

"பொளந்துகிச்சு!" என்றார் ஆபரேட்டர்.

அதே நொடியில் சுப்புராமன் வீட்டுக் கொல்லையில் 'களக்' என்று ஒரு சத்தம். அவர் சட்டென்று கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மோட்டார் போட்டதும் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. மதார் சாகிப் முதல் சொம்பை மதிலுக்கு மேலே நீட்டினார். "மொதல்ல நீங்க குடிங்க சார். அப்பால தான் எங்க வூட்ல." அவர் பேத்தி ஜன்னா டம்ளரோடு காத்திருந்தாள்.

சொம்பை வாங்கிய சுப்புராமன் குடிக்காமல் அதை முகர்ந்து பார்த்தார். போன வருஷம் செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தபோது, யாருக்கும் தெரியாமல் கக்கூஸ் குழாயை அவர் இறக்கிவிட்டது, இப்போது 'களக்' என்ற அதே கொல்லையில் வற்றிக் கிடந்த தன் போர்வெல்லுக்குள்தான்.