யார் என்று கேட்குமுன்

"நம்மகிட்ட ரத்தம் இருந்துச்சு, மேடம். தீவு ஆஸ்பத்திரிக்காரங்க கேக்கவே இல்ல. பிரசவத்துக்குப் போன என் தங்கச்சிய அநியாயமா சாகவிட்டுட்டாங்க."

விக்டோரியா ஏரிக்கரை ரத்த வங்கியின் கணினிப் பொறியாளன் மசுங்கா பல்லைக் கடித்தான். ஆஸ்பத்திரி மீதான புகார் அவன் கையில் தயாராக இருந்தது. கையெழுத்துப் போடத் தங்கையின் கணவன் வந்துகொண்டிருந்தான்.

மேலதிகாரி ரெஹேமா சர்வர் பதிவைத் திறந்தாள். "கேட்டிருக்காங்களேப்பா. அன்னைக்குக் காலையிலேயே அவங்க கம்ப்யூட்டர்லேர்ந்து நம்ம சர்வர்ல ஓ நெகட்டிவ் ரத்தம் தேடியிருக்காங்க."

"அது நம்ம சர்வர்ல நுழையப் பார்த்த எவனோ திருட்டுப்பய, மேடம். கடவுச்சொல் இல்லாம வந்தான். நான் புதுசா காவல் புரோகிராம் போட்டிருந்தேன்ல, கதவ முதல்தடவ தட்டுனதுமே அந்தக் கம்ப்யூட்டர் முகவரிய மொத்தமா அடைச்சிட்டேன்."

ரெஹேமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அவங்க கம்ப்யூட்டர் முதல்ல வெறுங்கையோடதான் வரும், மசுங்கா. நீ யாருன்னு நம்ம சர்வர் கேட்டப்பறம்தான் கடவுச்சொல்லக் காட்டும். நாம அடுத்தவங்க வாசல்ல நின்னு 'ஹோதி'ன்னு குரல் குடுத்துட்டுக் காத்திருக்கிறதில்லையா, அது மாதிரி. அவங்க கேட்டாங்க. நீதான் கேக்க விடல."

மசுங்கா புகாரை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

கதவுக்கு வெளியே தங்கை கணவனின் குரல் கேட்டது.

"ஹோதி."

உள்ளே வா என்று சொல்ல மசுங்காவுக்கு வாய் வரவில்லை.