சாம்பலனின் கடைசிப் பக்கங்கள்

"வில்லன் செத்தா உனக்கு என்னம்மா போச்சு?"

பிரகாஷ் ஜானட்டிடம் கேட்டார். விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டு நின்றாள்.

ராயபுரத்தில் ஒவைஸ் பாயின் பைண்டிங் கடை அது. அச்சாகி வரும் தாள்களை மடித்து, ஃபாரம் ஃபாரமாக வரிசையில் அடுக்கி, பின் அடித்து, அட்டை ஒட்டுவது அவள் வேலை. மடித்த ஒரு தாள் ஒரு ஃபாரம்; 'சாம்பலன்' காமிக்ஸுக்கு ஐந்து ஃபாரம். இந்த இதழில் நான்குதான் இருந்தன. சாம்பலன் சாகிற ஐந்தாவதை அத்தனை பிரதிகளிலும் விட்டுவிட்டு, அந்தக் கட்டுகளைக் கழிவுத்தாள் மூட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். கதையை எழுதி வரைகிற பிரகாஷ் மாதிரிப் பிரதியைப் புரட்டிப் பார்த்த கையோடு கிளம்பி வந்துவிட்டார்.

"தவறிப்போச்சுன்னாவது சொல்லேம்மே. நானும் சார்கிட்ட சமாளிப்பேன்ல?" என்றார் பாய்.

"தவறல பாய். வேணும்னுதான் வுட்டேன்."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். தாகம் என்றுகூட வாய் திறக்காத பெண் இப்படிச் செய்வாள் என்று அவர் நினைத்ததில்லை. வீட்டிலிருந்து பெரியவர்கள் யாராவது வந்து பேசினால்தான் நாளை முதல் வேலை என்று கறாராகச் சொல்லியிருந்தார். அம்மா மீன் விற்கப் போயிருக்கிறாள், அப்பா பகலில் வெளியே வரமாட்டார் என்று அவள் இழுத்தாள்.

"நைட் டூட்டியா? பரவால்ல, எழுந்து வரட்டும்" என்று பாய் அவளிடமிருந்து நம்பரை வாங்கி அப்பாவிடம் தானே பேசிவிட்டார். அப்போதிலிருந்து அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரகாஷுக்குக் கோபம் பாதி இறங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் சாம்பலனுக்காகப் பரிந்து பேசிய ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தனாவது படிச்சிருக்கே?"

"எட்டாவது சார். உங்க மொத புக்கு வந்த வருசம் நின்னுட்டேன்."

காமிக்ஸ் படித்தே படிப்பைக் கோட்டைவிட்டவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். "சரி, சாம்பலன்கிட்ட என்ன பிடிச்சுது உனக்கு?"

"புடிச்சதுன்னு இல்ல சார். நீங்க அவர தப்பா வரையறீங்க."

"அவராம்!" என்று பாய் சிரித்தார். "ஊரையே கொளுத்தறவனுக்கு மரியாதையப் பாரு."

அவள் சிரிக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல், ஆனால் தயங்காமல் சொல்லத் தொடங்கினாள். முதல் இதழில் சாம்பலன் சிரிக்கவே இல்லையாம். இப்போது பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கிறாராம். வெந்த தோல் இழுக்கும், அவ்வளவு பெரிதாக வாயைத் திறக்க முடியாது என்றாள். அந்த இடது கண்ணைக் கோபக்கண்ணாக வரைவதும் சரியில்லை. இமை இறங்காததால் அப்படித் திறந்திருக்கிறது, தூங்கும்போதும் அப்படித்தான் இருக்கும்.

"மூஞ்சி வெந்துச்சு, அதனால கெட்டவனாயிட்டான்னு எழுதிகீறீங்க. வெந்தா எரியும் சார். வேற ஒண்ணும் ஆவாது."

பிரகாஷுக்குச் சுருக்கென்றது. "அது நானா கற்பனை பண்ண முகம்மா. அது எப்படி இருக்கும்னு எனக்கே சொல்லித் தர்றியா?"

"சரி சார். ஆனா ஏன் எப்பப் பார்த்தாலும் தனியாவே வரையறீங்க? அவருக்குன்னு யாருமே இல்லியா?"

"வில்லன் தனியாத்தான் இருக்கணும். பக்கத்துல ஒரு ஆளைப் போட்டா படிக்கிறவனுக்குப் பாவமாயிடும்."

ஜானட் மூட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு ஃபாரத்தை உருவி, கடைசிப் பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். தெருப்பிள்ளைகள் எல்லாரும் சூழ்ந்து நின்று சாம்பலனைக் கல்லால் அடித்துச் சாய்க்கிறார்கள். அவன் விழுந்ததும் கைகோத்து ஆடுகிறார்கள். பிரகாஷ் ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்த பக்கம்.

"இத எங்க தெருப் பசங்க படிப்பாங்க சார்."

"படிக்கத்தானே போடறோம்."

"படிச்சிட்டு வெளையாடுவாங்க."

படத்தில் கல்லை ஓங்கியிருந்த ஒரு பிள்ளையின் கையை விரலால் தொட்டுக் காட்டினாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும், அட்டையைப் பிரித்து ஐந்தாவது ஃபாரத்தைச் சேர்த்து இன்றைக்கே அனுப்ப வேண்டும் என்று பாயிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு பிரகாஷ் எழுந்தார்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. லுங்கியும் முழுக்கைச் சட்டையுமாக ஒருவர் நின்றிருந்தார். அந்த வெயிலிலும் தலையிலிருந்து முகத்தை மூடித் துண்டு போட்டிருந்தார்.

"பாய், நான் ஹென்றி. ஜானட்டோட அப்பா. புள்ள இன்னா தப்பு பண்ணியிருந்தாலும் மன்னிச்சிக்கோ பாய். அத வேலைய வுட்டு நிறுத்திடாத."

சொற்கள் வாயின் ஒரு பக்கமாகவே வந்தன. உள்ளே இன்னொரு பெரிய மனிதரும் இருப்பதைப் பார்த்தவர், மரியாதைக்காகத் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

ஒவைஸ் பாய் அந்த வெந்த முகத்தைப் பார்த்தார், மேசையில் விரிந்து கிடந்த படத்தைப் பார்த்தார். பிரகாஷுக்குப் படத்தைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் நின்ற ரயிலின் ஜன்னல் வழியாக அவசர அவசரமாக வரைந்துகொண்ட முகம் அது. அன்று பிளாட்பார பெஞ்சில் அந்த மனிதரின் கையைப் பிடித்தபடி பள்ளி யூனிஃபாரத்தில் உட்கார்ந்திருந்த சிறுமியை மட்டும் அவர் வரையாமல் விட்டிருந்தார்.

மேசையில் கிடந்த ஃபாரத்தை நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, "நாலு ஃபாரத்தோடயே அனுப்பிடுங்க பாய்" என்று சொல்லிவிட்டு பிரகாஷ் படியிறங்கிப் போனார்.